ஓடுதளத்தின் அகலம்

9 ஆகஸ்ட் 1971

இன்று மூன்று முறை இறங்கினேன். மூன்றும் அசிங்கம்.

இறங்கினேன் என்று எழுதுவதே பொய். விழுந்தேன். தரை இன்னும் கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மண்ணில் இடித்தது. மருந்து தெளிக்கும் விமானம் எகிறியது, மறுபடி இடித்தது. குடவாசல் பக்கத்து இந்தத் தளத்தில் எனக்கு இது இரண்டாவது வருடம். பூச்சிமருந்து கலக்கும் இராஜாங்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை பார்ப்பான்; நான் இறங்கிவிட்டது இன்ஜினை நிறுத்திய பிறகுதான் அவனுக்குத் தெரியும். அப்படி இறங்குகிறவன் நான். இன்று வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"டயர் வெடிச்சிருச்சோன்னு பார்த்தேன் சார்."

"பார்த்தாச்சுல்ல? போய் மருந்தைக் கலக்கு."

காற்றைக் குற்றம் சொல்லலாம். சொல்ல மாட்டேன். மேற்கிலிருந்து நேராக, ஒழுங்காகத்தான் வந்தது. காற்றின்மேல் பழி போடுவது பயிற்சிப் பள்ளியில் சம்பளம் கட்டிப் படித்தவர்களின் வேலை.

11 ஆகஸ்ட்

மறுபடியும் அதே.

சோறு போடும்போது என் மனைவி பூவம்மாள், "கும்மோணத்துல கண் டாக்டர் ஒருத்தர் இருக்காராம், நல்லா பாக்குறாராம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லல. பஸ்ல பேசிக்கிட்டாங்க."

பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள்! இந்தச் சுற்றுவட்டாரத்தில் விமானத்தைக் கையால் தொட்டவன் எவன் இருக்கிறான்? ஆனால் பஸ் முழுக்க நிபுணர்கள். ரசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

13 ஆகஸ்ட்

இளையபெருமாள் தஞ்சாவூரிலிருந்து ஜீப்பில் வந்தார். கம்பெனியின் தலைமை விமானி. வயது முப்பத்திரண்டு. கறுப்புக் கண்ணாடி. ஜீப்பிலிருந்து இறங்குவதற்கே ஒரு பாவனை.

விமானத்தின் அடியில் குனிந்து, சக்கரத்தைத் தாங்கும் காலில் விரலை ஓட்டினார். வெல்டிங்கில் மயிரிழை போல ஒரு விரிசல். நான் ஏற்கெனவே பார்த்ததுதான். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"மிஸ்டர் துரைராசு, உங்க வயசு ஐம்பத்தேழுதானே?"

"லைசென்ஸ்ல இருக்கு. உங்களுக்குப் படிக்கத் தெரியுமே."

மற்ற எல்லா விமானியும் அவருக்குக் கேப்டன். நான் மட்டும் மிஸ்டர்.

"கோபப்படாதீங்க. இந்த மூணு சக்கரமும் ஒண்ணாத் தொடுற எறக்கத்தை விடுங்க. மூக்கு மேல நிக்குது, முன்னால ஒண்ணுமே தெரியறதில்ல. முன்சக்கரம் ரெண்டுல எறங்குங்க, வாலைத் தூக்கியே வச்சுக்கங்க. எதிர்ல என்ன இருக்குன்னு தெரியும்."

வாலைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்து, மூக்கைத் தாழ்த்த ஸ்டிக்கை முன்னால் தள்ளி, இரண்டு சக்கரத்தில் ஓடுவது! கடன்காரனைக் கண்ட நாய்போல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தளத்தில் பாதி தீர்ந்துபோகும். பிரேக்கைக் கொஞ்சம் அதிகம் மிதித்தால் மூக்கு மண்ணைக் கவ்வும். அதைத்தான் எனக்குச் சொல்லித் தருகிறார்.

யுத்தகாலத்தில் தஞ்சாவூர் விமானத்தளத்தில் விமானம் துடைக்கிறவனாகச் சேர்ந்தேன். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. கொட்டகையிலிருந்து விமானத்தை ஓட்டிப்போய் நிறுத்தும் வேலை கிடைத்தது. அதன் குணத்தைக் காலாலேயே கற்றுக்கொண்டேன். வால்சக்கர விமானத்தின் கனம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே வால் எப்போதும் முந்தி வரத் துடிக்கும். விட்டால் சுழன்று திரும்பி இறக்கையைத் தரையில் தேய்க்கும். முழுதாக நிற்கிறவரை, வாலைத் திருப்பும் ரட்டர் மிதியில் காலுக்கு ஓய்வு கிடையாது. பறக்கவும் இப்படித்தான் கற்றேன். லைசென்ஸ் பிறகு வந்தது.

முன்னால் தெரியாதாம். தெரியாதுதான். அதனால் என்ன? இரண்டு ஓரமும் தெரியும். தரையை நெருங்க நெருங்க இடது ஓரமும் வலது ஓரமும் கடைக்கண்ணில் விரிந்துகொண்டே வரும். எவ்வளவு விரிந்ததும் ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுக்க வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரியும். இழுத்துப் பிடித்தால் விமானம் தானே களைத்து, மூன்று சக்கரத்தையும் ஒன்றாகத் தரையில் வைக்கும். அதற்குமேல் பறக்க அதற்கு வேகம் இருக்காது. இதைவிட மரியாதையான இறக்கம் உலகத்தில் இல்லை.

போகும்போது சொன்னார்: முப்பதாம் தேதி வந்து தளத்தோரம் நின்று பார்ப்பாராம். ஒரு இறக்கம் கெட்டாலும் என்னைத் தஞ்சாவூர் ஆபீசில் மருந்து டின்களுக்குக் காவலாக உட்கார வைப்பாராம். காற்றுப்பை கிழிந்து தொங்குகிறது, அதற்குள் புதிதாக மாட்டி வையுங்கள் என்றும் ஒரு உத்தரவு. இந்த ஊரில் காற்றைத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிப்பை வேண்டுமாம். நெற்பயிர் எந்தப் பக்கம் படுத்து எழுகிறது என்று பார்க்கத் தெரியாதவர்களுக்குத்தான் அது.

15 ஆகஸ்ட்

சுதந்திர தினம். மிராசுதார் சாரங்கபாணி தளத்தின் ஓரத்தில் கொடி ஏற்றினார். தேசத்துக்காக நிலம் கொடுத்தவர் என்று அவரே தன்னைப்பற்றிப் பேசினார்.

கொடுத்த கதை எனக்குத் தெரியாதா? கழக ஆட்சி நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கருக்குக் குறைத்தது. மாமனார், மச்சான், கோயில், பசுமடம் என்று பெயருக்குப் பெயர் எழுதி வைத்ததுபோக மிச்சமிருந்த இந்த நீண்ட துண்டை விமானம் இறங்கும் தளம் என்று எழுதிக் கொடுத்தார். சாகுபடி இல்லாத நிலம் கணக்கில் வராது என்று எந்த வக்கீல் சொன்னானோ. அதுவரை அதில் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தவர்கள் தெற்குத் தெருக்காரர்கள். ஒரே கோடையில் அவர்களை வெளியே தள்ளி, நடுவே செம்மண் கொட்டி உருளை ஓட்டி, இரண்டு பக்கமும் புல்லுக்கு விட்டார். பிறகு நான் வந்து இறங்கினேன். எனக்கு இறங்க இடம் வேண்டும். யாருடைய இடம் என்று நான் கேட்டதில்லை.

கூட்டத்துக்கு வெளியே தெற்குத் தெரு தங்கம்மாள் நின்றாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரி. சாரங்கபாணி "தியாகம்" என்று சொல்லும்போதெல்லாம் சத்தமாக இருமினாள். மிட்டாய் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள்.

18 ஆகஸ்ட்

மழை. தெளிப்பு இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நல்ல நாள்.

20 ஆகஸ்ட்

ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே போனது. ஆற்றுக்கு அந்தக் கரையில் போகிற பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படித்தேன். பூவம்மாளைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னேன். "எனக்குப் பஸ்ஸே சரியாத் தெரியல" என்றாள்.

கண்ணில் கோளாறு இல்லை. கையில் நடுக்கம் இல்லை. இன்றும் விழுந்தேன். அப்படியானால் என்னதான்? கிழவனாகிவிட்டேனா? அதுதானா? ஒருநாள் திடீரென்று இப்படித்தான் வருமா, சொல்லாமல் கொள்ளாமல்?

இல்லை. ஒப்புக்கொள்ள முடியாது.

22 ஆகஸ்ட்

காற்றுப்பை மாட்டப் போனோம், நானும் இராஜாங்கமும். தளத்தின் மேற்குக் கோடியில் தென்புற ஓரத்தில் நானே சிமெண்டு போட்டு நட்ட கம்பம். அந்தப் பக்கம் நடந்துபோய் ஒரு வருடம் ஆகிறது.

பாதி வழியில் இராஜாங்கம் நின்று செருப்பைக் கழற்றினான். வேட்டியை மடித்துக் கட்டினான்.

"எதுக்குய்யா செருப்பைக் கழட்டுற?"

"சேறு சார்."

"ஓடுதளத்துல ஏதுய்யா சேறு?"

அவன் வானத்தைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் நடந்தேன். என் கம்பம் நெற்பயிருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர். உச்சியில் ஒரு காகம். மேலிருந்து பார்த்தால் புல்லும் நெல்லும் ஒரே பச்சைதான்.

வரப்பைப் பார்த்தேன். பழைய வரப்பு மாதிரியே இருந்தது: புல், அருகு, நண்டு வளை. கையால் புல்லைப் பிடித்து இழுத்தேன்; பாய் மாதிரி மொத்தமாக உரிந்து வந்தது. பழைய வரப்பின் புல்லை மண்ணோடு செதுக்கி எடுத்து, புது வரப்பின்மேல் போர்த்தி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அடுத்தவன் நிலத்தைச் சுரண்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை. வருடத்துக்கு ஒரு மண்வெட்டி அகலம் என்று செய்வார்கள். இவர்கள் கோடையில் நான் இல்லாதபோது ஒரே மூச்சில் செய்திருக்கிறார்கள்.

"உனக்குத் தெரியுமா?"

"நான் தெற்குத் தெருக்காரன்தானே சார்" என்றான் இராஜாங்கம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

23 ஆகஸ்ட்

கயிறு வைத்து அளந்தேன். வடக்குப் பக்கத்தையும் அளந்தேன். அங்கேதான் சிரிப்பு வந்தது. தெற்கே அவர்கள் எடுத்ததைவிட வடக்கே அதிகம் போயிருக்கிறது. வடக்கே இருப்பது சாரங்கபாணியின் சொந்த வயல்! சாகுபடி இல்லாத நிலம் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அது சும்மா கிடப்பதைப் பொறுக்க முடியாமல் ஓரத்தில் தானே நாற்று நட்டிருக்கிறார். தன் வீட்டிலேயே கன்னம் வைக்கும் திருடனை இப்போதுதான் பார்க்கிறேன்.

இனி என் விஷயம். தளம் அகலமாக இருந்தபோது ஓரங்கள் ஒரு அளவு விரிந்தால் தரை வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது தளம் குறுகிவிட்டது. அதே அளவு விரிய வேண்டுமானால் நான் தரைக்குள்ளேயே போக வேண்டும். கண் சரியாகத்தான் பார்க்கிறது; தளம்தான் பொய் சொல்கிறது. நான் உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டே வந்து இடிக்கிறேன்.

இன்று இதைத் தெரிந்துகொண்டே இறங்கிப் பார்த்தேன். ஓரம் விரியும்முன்பே இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மூளை சொன்னது, உடம்பு கேட்கவில்லை. மறுபடி இடித்தது. பழகிய கண்ணுக்குச் சமாதானம் சொல்லிப் புரியவைக்க முடியாது.

24 ஆகஸ்ட்

சாரங்கபாணி வீட்டுக்குப் போனேன். "வாங்க துரைராசு, உக்காருங்க, காபி சாப்பிடுங்க" என்றார். தெற்கு வரப்பு நகர்ந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க பார்த்தீங்கல்ல? கண்ணால பார்த்தீங்க. சர்வேக்கு மனு எழுதிட்டேன். தாலுக்கா ஆபீஸ் ஆர்.ஐ. வருவாரு. பைலட்டே சொன்னா போலீஸும் வந்துரும். உங்க கம்பெனி முதலாளி எனக்கு வேண்டியவருதான். உங்க வேலைக்கு ஒண்ணும் வராம பார்த்துக்கறேன்."

"வடக்கு வரப்பும் நகர்ந்திருக்குங்களே."

"அது என் நெலம்ங்க. என் நெலத்துல என் வரப்பு நகர்ந்தா அதுக்கு யாருகிட்ட கேக்கணும்?"

"சர்க்காருக்குத் தளம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"தளமும்தான். வயலும்தான்" என்றார், ரொம்பப் பொறுமையாக, எனக்குத்தான் புரியவில்லை என்பதுபோல. காபி ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

25 ஆகஸ்ட்

தங்கம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள், என் தளத்தில். நான் வரப்பில் நின்று கத்தினேன். அவள் நிமிரவே இல்லை.

"ஏம்மா, இது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன? ஐ.ஆர். எட்டு நெல்லு."

"ஏரோப்ளேன் எறங்குற எடம்!"

"எங்கப்பன் உழுத எடம். நீங்க நடுவுல வந்தவங்க." இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "ஒரு வண்டி ஓட எதுக்குங்க இவ்வளவு அகலம்? கும்மோணம் பஸ் போற ரோடு இதுல பாதி. எதிர்ல இன்னொரு பஸ்ஸும் வருது."

"பஸ்ஸுக்கு முன்னால கண்ணாடி இருக்கும்மா. எனக்கு எறங்கும்போது முன்னால ஒண்ணும் தெரியாது."

களை எடுத்த பெண்கள் அத்தனைபேரும் நிமிர்ந்துவிட்டார்கள்.

"ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது. ரெண்டு ஓரத்தையும் பார்த்துத்தான்..."

"அடியே அம்சம், கேட்டியா? இந்த மனுசன் கண்ண மூடிக்கிட்டு எறங்குறாராம்! நம்ம தலைக்குமேல!" அவர்கள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள்: "ஆர்.ஐ. வந்தா எங்க பக்கத்தக் காட்டுவீங்க. காட்டுங்க. பொய்யா சொல்லப்போறீங்க? எடுத்தோம். எடுத்தோம்னு நாங்களே சொல்லுவோம்."

நிலத்தைத் திருடிவிட்டு இவ்வளவு நிமிர்ந்து பேசும் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. இவர்கள் சங்கமும் கொடியும்! தண்டத்துக்கு ஒரு கூட்டம்.

எடுத்தோம் என்று சொல்வாளாம்.

27 ஆகஸ்ட்

எழுதவே கூசுகிறது. வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தேன்.

முதல் தடவை தவளை. முன்சக்கரம் தொட்டதும் ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளி விமானத்தைத் தரையோடு அழுத்த வேண்டும். என் கைக்கு இத்தனை வருடமாகத் தெரிந்தது ஒன்றுதான், இழுப்பது. இழுத்தது. விமானம் மறுபடி பறக்கப் போய், மனம் மாறி விழுந்தது. சக்கரக் காலின் விரிசலுக்குப் போட்டிருந்த இரும்புப் பட்டை தாங்கியது.

இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். வால் மேலேயே நின்றது. மூக்கு தாழ்ந்து, தளம் முழுக்க எனக்கு முன்னால் விரிந்து கிடந்தது: செம்மண், கொக்கு, கோடியில் கொடி பிடித்து நின்ற இராஜாங்கம், அவன் வாய் பிளந்திருப்பதுகூட. அருவருப்பாக இருந்தது. எல்லாம் தெரிந்தது.

30 ஆகஸ்ட்

மூன்று இறக்கம். மூன்றும் இரண்டு சக்கரத்தில். தென்மேற்கிலிருந்து காற்று வெட்டி வெட்டி அடித்தது. காற்றுப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, முதலில் ஒரு சக்கரம், பிறகு மற்றது, வேகம் குறைந்தபின் மெல்ல வால். ஒரு குறை சொல்ல முடியாது. சொல்ல ஆசைப்பட்டு இளையபெருமாள் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

கடைசியில் தோளைத் தட்டினார். "பரவாயில்லையே மிஸ்டர் துரைராசு. கடைசில நம்ம வழிக்கு வந்துட்டீங்க."

"தளம் குறுகிப்போச்சு. ரெண்டு பக்கமும் நட்டிருக்காங்க. அதான் காரணம்."

"ஓடுதளம் எளைச்சுப்போச்சுன்னு சொல்ற முதல் பைலட் நீங்கதான்" என்று சிரித்தார். "விடுங்க. கண்ணு எல்லாருக்கும் ஒருநாள் போகும். பழகிக்கிட்டீங்கல்ல, அது போதும்."

வேலை போகவில்லை. ஆனால் என் கண் போய்விட்டது என்று அந்த ஆளின் மண்டையில் எழுதியாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் வருவார். அடுத்த வருடம் ஐம்பத்தெட்டு.

8 செப்டம்பர்

சர்வேயர் சங்கிலியோடு வந்தார். கூடவே ஆர்.ஐ. சாரங்கபாணி அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். தெற்குத் தெரு முழுக்க வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தது. நான் சொல்லி அனுப்பியதால் இளையபெருமாளும் வந்து ஜீப்பில் சாய்ந்து நின்றார்.

"இத தினம் பார்க்கிறவர் நீங்கதான். முன்னால எது வரைக்கும் இருந்துச்சு?" என்று ஆர்.ஐ. என்னைக் கேட்டார். சாரங்கபாணி எனக்கும் ஒரு இளநீர் நீட்டினார்.

வாங்கிக் கீழே வைத்தேன். தெற்கே நடந்துபோய் என் கம்பத்தைக் காட்டினேன். தங்கம்மாள், "ஆமா, அதுவரைக்கும் எடுத்தோம்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். சாரங்கபாணி எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார். நான் அங்கே நிற்கவில்லை. தளத்தைக் குறுக்கே கடந்து, வடக்கு வரப்பைத் தாண்டி, வேட்டியோடு சேற்றில் இறங்கி, பயிருக்குள் நின்றேன்.

"இந்தப் பக்கம் இதுவரைக்கும் இருந்துச்சு. அளந்துக்கங்க."

சங்கிலி வடக்கே வந்தது. ஆர்.ஐ. தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "பண்ணையாரே, இது யாரு நட்டது?"

"நம்ம ஆளுங்கதான்."

"அப்ப இது எறங்குதளமா, நெல்வயலா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தளம்னா நெல்லு எப்படி வந்துச்சு? வயல்னா உச்சவரம்புக் கணக்குல ஏன் வரல?"

சாரங்கபாணி என்னைப் பார்த்த பார்வையை எழுத மை போதாது. அவருக்காக நான் எதுவும் மறைக்கவில்லை, அவளுக்காகவும் மறைக்கவில்லை. தளம் குறுகியது. என் கண் சரி. அதைச் சொல்லத்தான் போனேன். அங்கே நின்றவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

இளையபெருமாள் சங்கிலி முடிகிறவரை இருந்தார். போகும்போது, "உங்க கண்ணு பத்தின ரிப்போர்ட்டை மாத்தி எழுதறேன்" என்றார். எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டால் போகட்டும்.

வேட்டியிலிருந்த சேற்றைப் பூவம்மாள் இரண்டு தண்ணீரில் அலசினாள். "ஒங்க எறங்குற எடத்த நீங்களே புடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். அப்போதுதான் எனக்கே அது உறைத்தது.

2 அக்டோபர்

தளம் உபரி நிலம், நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆணை. தளம் மூடப்பட்டது. இனிமேல் தஞ்சாவூரிலிருந்துதான் பறக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வர ஒரு பாதி எரிபொருள், போக ஒரு பாதி. கம்பெனி என்னைத் திட்டுகிறது. சாரங்கபாணி ஊரெல்லாம் திட்டுகிறார். தெற்குத் தெருவில் யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

19 ஜூன் 1972

சாரங்கபாணி வழக்குப் போட்டிருக்கிறார். தெற்குத் தெருவுக்குப் பட்டா இன்னும் வரவில்லை. பட்டாவுக்காக அவர்கள் காத்திருக்கவும் இல்லை. செம்மண்ணை வெட்டி மேட்டில் கொட்டிவிட்டு நடவு முடித்துவிட்டார்கள் என்று இராஜாங்கம் சொன்னான். அந்த உருளைபோட்ட மண்ணில் பயிர் எங்கே பிடிக்கப்போகிறது! முட்டாள்தனம்.

28 ஆகஸ்ட் 1972

இன்று குடவாசல் வட்டாரம். குருத்துப்பூச்சி கடுமை. தெளிக்க வேண்டிய வயல்களில் அந்தத் துண்டும் இருந்தது.

கிழக்கிலிருந்து தாழ்ந்து வந்தேன். வேறு வழியில்லை, மேற்குக் காற்றில் அங்கே அப்படித்தான் வர வேண்டும். பயிர் பிடித்திருந்தது. நடுவில் கொஞ்சம் வெளிறல், மற்றபடி நன்றாகவே பிடித்திருந்தது. நடவு வரிசை கோணல்; அதைச் சொல்லத்தான் வேண்டும். இறங்கிப் பழகிய பழக்கத்தில், திராட்டிலிலிருந்த கை ஒருகணம் வேகத்தைக் குறைக்கப் பார்த்தது. தடுத்தேன்.

இரண்டு கோடியிலும் கொடி காட்ட ஆள் நின்றார்கள். நடுவரப்பில் தங்கம்மாள், தலையில் முக்காடு, நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தபடி. மருந்து விழும் நேரத்தில் விலகி நிற்க வேண்டும் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். இராஜாங்கம் கத்தியும் இருப்பான். விலகவில்லை. அவள் நிலத்தில் அவள் நிற்கிறாளாம்.

அவளை நெருங்குகையில் மருந்துக் குழாயின் வால்வை மூடினேன். தாண்டியபின் திறந்தேன். திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் நின்றாள்; மறுபடியும் மூடித் திறந்தேன். அந்த இடத்துக்கு மட்டும் மருந்து விழவில்லை. அங்கே பூச்சி பிடித்தால் கையால் பொறுக்கட்டும்.